தனுஷ்கோடி கையெழுத்து வாங்கும் இடம்

முதல் வரைவில் தனுஷ்கோடிக்கு
இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.
நம்பர் பிளேட் இல்லாத புல்லட்.
வாய் நிறையப் புகையிலை,
துப்பும்போதெல்லாம் யாராவது ஒருவர் நடுங்கினார்.
நாய் வேறு வளர்த்தான். கறுப்பு நாய்.

டவுன்ஹால் ரோட்டுச் சந்துக்குள்
மாடிப்படிக்கு அடியில் டி.டி.பி. கடை.
அடித்துக்கொண்டே பர்வீன் கேட்டாள்:
"இந்தாளு ஏன் சார் எப்பப் பாத்தாலும் கத்துறாரு?
வட்டிக்குக் குடுத்தவங்க கத்த மாட்டாங்க சார்.
வாங்குனவங்கதான் கத்துவாங்க.
எங்க வீட்டுக்கு வர்றவரு
செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள வருவாரு."

அன்றைக்கே நாயை அவிழ்த்துவிட்டேன்.
தழும்பை அழித்தேன்.
பெயரை அதற்கு முன்பே மூன்று முறை மாற்றியிருந்தேன்.
எங்கள் ஊரில் பெயரைச் சொன்னால்
'நீங்க எந்தப் பக்கம்?' என்றுதான் அடுத்த கேள்வி வரும்.
வில்லனுக்குச் சாதியை ஒட்டிவிட்டால்
மீதி வேலையை வாசகனே செய்துவிடுவான்.
எனக்கு அந்தக் கடன் வேண்டாம்.

இரண்டாம் வரைவில் தாராளம் காட்டினேன்.
மூட்டுவலி கொடுத்தேன்.
ஆரப்பாளையத்தில் படுக்கையில் கிடக்கும் தாயைக் கொடுத்தேன்.
வைகைத் தரைப்பாலத்தில் நின்று
தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்துப்
பெருமூச்சு விடச் சொன்னேன்.
விட்டான். சொன்னபடியெல்லாம் கேட்டான்,
நல்ல பையனாட்டம்.
அதிலேதான் பொய் தெரிந்தது.

கையெழுத்து வாங்கும் இடம் வந்ததும்
பேனா நின்றது.
கதையில் அந்த விதவை முன்னால் தாள் கிடக்கிறது.
தனுஷ்கோடி என்ன சொல்வான்?
மிரட்டவிட்டுப் பார்த்தேன். கெஞ்சவிட்டுப் பார்த்தேன்.
பதினோரு நாள்.
வில்லாபுரம் வீட்டில் ஃபேன் ஓடிக்கொண்டே இருந்தது.
அவன் வாயே திறக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள்
யாருக்கோ எல்.ஐ.சி. பாலிசி முதிர்ந்த விஷயமாகத்
திருமங்கலம் போனேன்.
பத்திர ஆபீஸ் வேப்பமரத்தை வெட்டியிருந்தார்கள்.
அடிமரத்தின் மேல் ஒரு காலி டீ கிளாஸ்.

அந்த மரத்தடியில்தான்
தவமணி உட்கார்ந்திருந்தாள், உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து,
மடியில் சின்னவன், காய்ச்சலோடு.
"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.
இட்லி வாங்கிக் கொடுத்தேன்.
பிள்ளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்,
நானே பொடித்து, தண்ணீரில் கரைத்து.
"உனக்கு எதுக்குத் தாயி இந்த அலைச்சல்,
எல்லாம் அண்ணன் பாத்துக்கிறேன்" என்றேன்.
அப்படித்தான் நினைக்கவும் செய்தேன்,
சத்தியமாக.
விடுதலைப் பத்திரம்: மூன்று ஏக்கர், ஒரு கிணறு.
எழுத்தர் கொடுத்த பேனாவில் மை வரவில்லை.
வாங்கி
என் உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்து
எழுதுகிறது என்று தெரிந்தபிறகு
அவளிடம் நீட்டினேன்.
"எங்கண்ணே போடணும்?"
விரலால் தொட்டுக் காட்டினேன்.

ராத்திரி சோறு பிசையும்போதும்
கையில் அந்த நீலக் கோடு இருந்தது.
மனைவி என்னவென்று கேட்டாள்.
பேனா சரியில்லை என்றேன்.

திருமங்கலத்திலிருந்து திரும்பிய இரவு
தனுஷ்கோடி பேசினான்.
நிறுத்தாமல் பேசினான்.
நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த வரிக்குப் போனான்.
முதல் வார்த்தை: சாப்பிட்டியா?

பர்வீன் அந்தப் பக்கத்தை அடித்து முடித்துத்
தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.
கொஞ்ச நேரம் குடிக்கவில்லை.
"இவரு கெட்டவருன்னு
எங்கேயும் எழுதலையே சார்" என்றாள்.
"விட்டுப்போச்சா?"

நூற்றுப் பதினேழாம் பக்கம்.
தவமணி இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள்.
விரல் வைத்து மெதுவாகப் படிப்பாள்,
ஒரு வரியும் விட மாட்டாள்.
பேனாவை எடுத்துவிட்டு
மைப்பெட்டியும் கைநாட்டும் ஆக்கிவிடலாம்.
கதைக்கு ஒன்றும் குறையாது என்று
தனுஷ்கோடி சொல்கிறான், நிதானமாக,
என் நன்மைக்காகத்தான்.

பர்வீன் எட்டு மணிக்குக் கடை அடைப்பாள்.
மணி ஏழேகால்.